காங்கேசன்துறைக் கரையில் கைதியும் வைத்தியரும்

நாகப்பட்டினத்திலிருந்து

துறைமுக வாயைக் கப்பல் தாண்டியபோது அக்கரைப்பேட்டைப் பக்கம் விசைப்படகுகள் அடுக்கடுக்காக நின்றிருந்தன. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே ஏறத்தாழ அறுபது கடல் மைல். 2023 அக்டோபர் 14 அன்று இந்தத் தடத்தில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. சில நாளில் நின்றுபோய், 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. கப்பலில் இருந்தவர்கள் பெரும்பாலும் உறவுக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள், அல்லது பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள். மடியில் ஜவுளிப் பைகள், காலடியில் எவர்சில்வர் பாத்திரங்கள்.

இதே நீரில்தான் எங்கள் கரை மீனவர்கள் பிடிபடுகிறார்கள். 2024-இல் மட்டும் ஐநூறு பேருக்கு மேல். இலங்கைக் கடற்படை அவர்களைப் பெரும்பாலும் காங்கேசன்துறைக்கோ மயிலிட்டிக்கோ கொண்டுவருகிறது. பிறகு நீதிமன்றம், அங்கே விளக்கமறியல் உத்தரவு, அதன்பின் யாழ்ப்பாணச் சிறை. கடவுச்சீட்டோடு போகிற எனக்கும் படகோடு பிடிபடுகிற அவர்களுக்கும் இறங்கும் கரை ஒன்றே.

செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். என் மாணவி ஒருத்தியின் அப்பா அப்படிப் பிடிபட்டுச் சில வாரங்கள் உள்ளே இருந்து வந்தவர். சர்க்கரை நோயாளி. மாத்திரைப் பை படகோடு போய்விட்டது. "ஒரு சின்ன வயசு டாக்டர் வந்து, என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேட்டார். பேர் தெரியாது, வெள்ளை உருண்டை ஒண்ணு, நீட்டு ஒண்ணுன்னேன். கண்டுபிடிச்சுட்டார். அப்புறம் சாப்பிட்டீங்களான்னு கேட்டார்" என்று என்னிடம் சொன்னார். அந்தக் கடைசிக் கேள்வியைச் சொல்லும்போதுதான் அவர் குரல் மாறியது. அந்த இளம் வைத்தியருக்கு இதை யார் கற்றுக்கொடுத்தார்கள்? என் மாணவிகளில் ஒருத்தி நாளை ஒரு சிறை மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தால், அவளுக்கு நான் என்ன கற்றுக்கொடுத்திருப்பேன்? இந்தக் கேள்விகளோடுதான் கப்பல் ஏறினேன்.

காங்கேசன்துறை

முதலில் கண்ணில் படுவது கலங்கரை விளக்கமும் பனைகளும். பிறகு சிமெந்துத் தொழிற்சாலையின் எலும்புக்கூடு. 1950-இல் எழுந்து, ஊருக்கே சோறு போட்டு, 1990-இல் போரோடு மூச்சை நிறுத்திய ஆலை. சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்களில் இப்போது தண்ணீரும் புதரும். எங்கள் டெல்டாவில் எங்கே தோண்டினாலும் வண்டல்தான் வரும். இங்கே ஒரு முழம் செம்மண்ணுக்குக் கீழே வெள்ளைப் பாறை. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு. மழை அந்தப் பாறைக்குள் இறங்கிக் கிணறாக வருகிறது. கீரிமலையில் கடலுக்கு ஓரடி தள்ளி நன்னீர்க் கேணியாக ஊறுகிறது.

1990-இல் இந்த ஊர் வெறுமையாக்கப்பட்டது. உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் வீடுகள், கோயில்கள், பள்ளிகள் எல்லாம் வேலிக்குள் போயின. ரயில் 2015 ஜனவரியில்தான் திரும்பவும் காங்கேசன்துறை நிலையம் வரை வந்தது. இன்னும் திரும்பாத காணிகள் இருக்கின்றன. நடந்துபோகும்போது நல்ல சுவர் எழும்பிய ஒரு புது வீடும், அதற்கு அடுத்து கூரையில்லாமல் ஆலமரம் வளர்ந்த வீடும் மாறி மாறி வருகின்றன.

நிலையத்துக்கு அருகில் ஒரு தேநீர்க் கடை. வடையும் பிளேன் டீயும் கேட்டு உட்கார்ந்தேன். எதிரே இருந்த பெரியவர் சிமெந்து ஆலையில் வேலை செய்தவர். நான் இந்தியாவிலிருந்து வருவதாகவும் நோயாளிகளைப் பார்க்கிற வேலையைச் சொல்லிக்கொடுப்பதாகவும் சொன்னதும், தன் பீங்கான் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கதைக்கத் தொடங்கினார்.

"எங்கடை பெடியளை இந்தத் துறையிலதான் கப்பலேத்தினவங்கள், பிள்ளை. காலிப் பக்கம் கொண்டுபோனவங்கள். பூசா எண்டு கேள்விப்பட்டிருப்பியள்."

கேள்விப்பட்டிருக்கிறேன். 1987 மே இறுதியில் வடமராட்சியில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பிடிக்கப்பட்டு, கப்பலில் தெற்கே பூசா முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதே ஆண்டில் இந்திய அமைதிப்படை வந்தது. அது பிடித்தவர்களை வைத்திருந்த இடங்களில் காங்கேசன்துறையும் ஒன்று. இந்தியாவிலிருந்து வருகிற எவரும் இந்தக் கரையில் இறங்கும்போது அதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். தமிழ் ஆயுத இயக்கங்களும் தங்கள் சிறைகளை நடத்தின. பூட்டு யாருடையதானாலும் உள்ளே இருந்தவர் பெரும்பாலும் இந்த மண்ணின் பிள்ளைதான்.

பெரியவரும் உள்ளே இருந்தவர். யாருடைய முகாம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் சொன்னது ஒரு வைத்தியரைப் பற்றி. "வந்து கையைப் பிடிச்சுப் பாத்தவர். வாயைத் திறக்கச் சொன்னவர். முதுகிலை காயம் இருந்தது. அதையும் பாத்தவர். ஆனா ஒண்டும் எழுதேல்லை. எழுதியிருந்தா, அப்பிடி ஒரு காயம் இருந்தது எண்டாவது இருந்திருக்கும்."

அதற்கு மேல் நான் படித்த பாடநூல் எதுவும் சொல்லிவிடாது. சித்திரவதையில் வைத்தியர் பங்கேற்கக் கூடாது என்று உலக மருத்துவச் சங்கம் 1975-இல் டோக்கியோவில் அறிவித்தது. 1982-இல் ஐ.நா. பொதுச்சபை, சிறையில் இருப்பவர்களுக்கு மருத்துவம் பார்ப்பவர்களுக்கான அறநெறிகளை ஏற்றது. காயங்களை எப்படிப் பரிசோதித்து எப்படி எழுதுவது என்று விரிவாகச் சொல்லும் இஸ்தான்புல் நெறிமுறை 1999-இல் வந்தது, 2022-இல் திருத்தப்பட்டது. இத்தனை ஆவணங்களின் சாரமும் அந்தப் பெரியவரின் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. வைத்தியர் எழுதுகிற நாலு வரி சில நேரம் ஒரு கைதிக்குக் கிடைக்கிற ஒரே சாட்சி. எந்த இடத்தில், எத்தனை சென்ரிமீற்றர், என்ன நிறம், அவர் சொல்கிற காரணத்தோடு அது பொருந்துகிறதா. இவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்கும்போது இவ்வளவையும் எழுத, முன்பே பயின்ற கை வேண்டும்.

மயிலிட்டி

காங்கேசன்துறையிலிருந்து கடற்கரை ஓரமாகக் கிழக்கே போனால் மயிலிட்டி. ஒரு காலத்தில் வடக்கின் பெரிய மீன்பிடித் துறைமுகம். 1990-இல் இடம்பெயர்ந்த சனங்களுக்குத் துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலையில். போருக்கு முன் இங்கே ஒரு காசநோய் ஆஸ்பத்திரி இருந்ததைப் பழைய ஆட்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். கடற்காற்று நெஞ்சுக்கு நல்லது என்று அங்கே வைத்தார்களாம்.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என் பேச்சிலேயே கண்டுபிடித்துவிட்டார். "நாகப்பட்டினமோ? உங்கடை ரோலர் ஒருக்கா வந்தா எங்கடை வலையும் போச்சு, மீன் குஞ்சும் போச்சு." அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ரோலரின் இழுவைமடி கடலின் அடித்தளத்தையே வழித்துக்கொண்டு போகிறது. இலங்கை 2017-இல் சட்டம் திருத்தி அதைத் தடை செய்தது. இருபத்தேழு ஆண்டு தங்கள் துறையிலிருந்து கடலுக்குப் போக முடியாமல் இருந்துவிட்டு, கடல் திரும்பக் கிடைத்ததும் அதில் வேறொருவர் வழித்துக்கொண்டு போவதைப் பார்ப்பவர்கள் இவர்கள்.

பிடிபட்டு உள்ளே இருக்கிற எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றிக் கேட்டேன். வலையிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொன்னார்: "பிடிக்கத்தான் வேணும். ஆனா பிடிச்சு வைச்சவனுக்கு வருத்தம் வந்தா மருந்து குடுக்கத்தானே வேணும்? அவனும் ஆரோ பெத்த பிள்ளை."

நான் வகுப்பில் இரண்டு மணி நேரம் பேசினாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. தன் வலையைக் கிழித்தவனுக்கும் மருந்து உண்டு என்று கிழிந்த வலையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிற ஒருவர். சிறை மருத்துவத்தில் மாணவர் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான். கட்டிலில் கிடப்பவர் என்ன செய்தார் என்பது வழக்குப் புத்தகத்துக்கு உரியது. நோய் அட்டைக்கு உரியது அல்ல. ஐ.நா. 2015 டிசம்பர் 17 அன்று ஏற்ற மண்டேலா விதிகளில் 24-ஆவது விதி, வெளியே இருப்பவர்களுக்குக் கிடைக்கிற அதே தர மருத்துவம் கைதிக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்கிறது. மயிலிட்டி அம்மா அந்த விதியைப் படித்ததில்லை.

அந்தக் காசநோய் ஆஸ்பத்திரி நினைவும் என்னை விடவில்லை. காற்றோட்டமில்லாத அறையில் நெருக்கிப் படுக்க வைக்கப்பட்டவர்களைக் காசநோய் எளிதாகப் பிடிக்கும். உலகெங்கும் சிறைகளில் அது வெளியே உள்ளதைவிடப் பல மடங்கு. பிணையில் வெளியே போகிறவர் மருந்துச் சீட்டு இல்லாமல் போனால், அந்தக் கிருமி அவரோடு வீட்டுக்குப் போகிறது, பேருந்தில் ஏறுகிறது. சிறைச் சுவருக்குள் பார்க்கிற வைத்தியம் ஊருக்கும் சேர்த்துத்தான்.

தெல்லிப்பழை

உள்நோக்கித் திரும்பியதும் செம்மண் தோட்டங்கள். வெங்காயம், புகையிலை, வாழை, மரவள்ளி. எங்கள் ஊரில் வயல் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பச்சையாக விரியும். இங்கே தோட்டம் சின்னச் சின்னப் பாத்தியாக, ஒவ்வொரு செடிக்கும் பெயர் வைத்து வளர்த்ததுபோல இருக்கிறது. மதியம் ஒரு வீட்டில் சோறு: கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், திருக்கைக் கறி, கடைசியில் சொதி. ரசத்துக்குப் பழகிய நாக்குக்குச் சொதியின் தேங்காய்ப்பால் மென்மை கொஞ்ச நேரத்தில்தான் பிடிபட்டது. பிறகு விட மனம் வரவில்லை.

அந்த வீட்டுப் பெண் மருத்துவபீடத்தில் இறுதி ஆண்டு. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவைப் பற்றி அவளிடம்தான் கேட்டேன். போர்க் காலத்தில் அங்கே பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், தடுப்பில் இருந்தவர்களும் சித்திரவதைக்கு ஆளானவர்களும் சுமந்து வந்த மனக்காயங்களை ஆராய்ந்து எழுதியவர். யாழ்ப்பாணத்து மருத்துவக் கல்விக்கு இது எங்கோ நடந்த கதை இல்லை.

அவள் சொன்னாள்: "காயம் பாக்க, ரிப்போட் எழுத எல்லாம் சட்ட மருத்துவத்திலை படிப்பிச்சவை, ரீச்சர். ஆனா கைதி ஒராள் எங்கடை கட்டிலிலை வந்து கிடந்தா என்ன செய்யிறது எண்டு ஒருத்தரும் தனியாச் சொல்லித் தரேல்லை." பயிற்சிக்குப் போன ஒரு வார்டில் விலங்கு போட்டுக் கட்டிலோடு பிணைத்திருந்த ஒருவரிடம் நோய் விவரம் கேட்க அவளை அனுப்பியிருக்கிறார்கள். காவலர் கட்டில் தலைமாட்டில். "அவருக்கு எதுவும் சொல்ல விருப்பமில்லை. நான் காவலாளியைத் தள்ளி நிக்கச் சொல்லலாமோ எண்டே எனக்குத் தெரியாது."

சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். காவலர் காதுக்கு எட்டிய தூரத்தில் நிற்கக் கூடாது, மருத்துவரே கேட்டாலன்றிக் கண்ணுக்கு எட்டிய தூரத்திலும் நிற்கக் கூடாது என்பது சிறை மருத்துவ அறநெறி. மண்டேலா விதிகளும் பரிசோதனை தனிமையில் நடக்க வேண்டும் என்றே சொல்கின்றன. 27-ஆவது விதி, மருத்துவ முடிவைப் பொறுப்பான மருத்துவப் பணியாளர் மட்டுமே எடுக்கலாம், மருத்துவம் சாராத சிறை அதிகாரி அதை மாற்ற முடியாது என்கிறது. 48-ஆவது விதி, பிரசவ வலியில் இருக்கிற பெண்ணுக்கு விலங்கு கூடாது என்கிறது. அவளுடைய குறிப்பேட்டில் நானே எழுதிக்கொடுத்தேன். அவள் அதற்குக் கீழே இன்னொரு கேள்வி எழுதினாள்: "ஐஸ் பாவிச்சுப் பிடிபட்டு வாற பெடியளுக்கு முதல் கிழமை என்ன செய்யிறது?"

சரியான கேள்வி. ஐஸ் என்பது மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருள். 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' என்ற போதைப்பொருள் வேட்டையில் நாடெங்கும் பல்லாயிரம் பேர் பிடிக்கப்பட்டார்கள். வடக்கிலும் பதின்வயதுப் பையன்கள்கூடப் பிடிபடுகிறார்கள். ஐஸ் விடும் நாட்களின் களைப்பு, தூக்கக் கோளாறு, தற்கொலை எண்ணம் எல்லாம் சிறைக்குள் வந்த முதல் சில நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். உள்ளே வந்த உடனே ஒவ்வொருவரையும் பரிசோதிக்க வேண்டும் என்று விதிகள் வலியுறுத்துவது இதற்காகத்தான். அதைச் செய்யக் கற்ற கைகள் போதுமான அளவு இருக்க வேண்டாமா?

நான் அவளிடம் ஸ்டான் சுவாமியைப் பற்றிச் சொன்னேன். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடிகளோடு வாழ்ந்த பாதிரியார். 2020 அக்டோபர் 8 அன்று கைதானபோது வயது 83. பார்க்கின்சன் நோய், கை நடுக்கம். தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழலும் உறிஞ்சு கோப்பையும் வேண்டும் என்று நவம்பரில் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலே, மும்பை மருத்துவமனையில் இறந்தார். ஒரு கோப்பைக்காக ஒரு மனு. முதலாண்டு செவிலியர் மாணவி ஒருத்தி முதல் நாளே பார்த்துச் சொல்லக்கூடிய தேவை அது. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். எனக்கும் அதற்கு மேல் அன்று பேச வரவில்லை.

மானிப்பாய்

மானிப்பாயில் கிரீன் நினைவு வைத்தியசாலை இன்றும் நடக்கிறது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தவர். அறுபதுக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்தியர்களாக்கினார். பிற்காலத்தில் வகுப்புகளைத் தமிழிலேயே நடத்தி, மருத்துவ நூல்களைத் தமிழில் வரச் செய்தார். ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டே ஊருக்கு வைத்தியம் பார்க்கலாம் என்று நம்பி, அதைச் செய்தும் காட்டிய மனிதர். 1884-இல் தன் சொந்த ஊரான மாசசூசெட்ஸ் மாநில வூஸ்டரில் காலமானார்.

அந்த வூஸ்டரில்தான் இன்று மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல ஆண்டுகள் அந்தக் கல்லூரியே மாநிலச் சிறைகளின் மருத்துவப் பொறுப்பை ஏற்று நடத்தியது. சிறை மருத்துவத்தைப் பல்கலைக்கழக ஆய்வுத் துறையாக வளர்க்க 2007-இலிருந்து ஆண்டு மாநாடுகளைக் கூட்டியதிலும் அதற்குப் பங்குண்டு. அமெரிக்கச் சிறைகளை முன்மாதிரியாகச் சொல்ல எனக்கு மனமில்லை; அங்கே அடைபட்டிருப்போர் தொகையே ஒரு வெட்கம். ஆனால் கல்லூரி பொறுப்பெடுத்தால் என்ன மாறும் என்பது புரிகிறது. பேராசிரியர் உள்ளே போகிறார், பின்னாலேயே மாணவர் போகிறார். மாணவர் கேள்வி கேட்கிறார். கேள்வி கேட்கப்படுகிற இடத்தில் பழைய தவறுகள் அதே மாதிரி தொடர்வது கடினம்.

யாழ்ப்பாணம்

பண்ணைப் பக்கம் கோட்டையின் சுவர்கள், கடல்நீரேரி, சற்றுத் தள்ளிச் சிறைச்சாலை. வெளியே நின்று பார்த்தேன். உறவினர்களைப் பார்க்க வந்த பெண்கள் சோற்றுப் பார்சலோடு நின்றார்கள். இலங்கைச் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தண்டனை பெற்றவர்கள் அல்லர். வழக்கு முடியாமல் விளக்கமறியலில் இருப்பவர்கள். மொத்த எண்ணிக்கையோ கட்டடங்கள் தாங்கக்கூடியதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு, அம்பிகா சற்குணநாதன் தலைமையில் இருபது சிறைகளில் ஆய்வு நடத்தி 2020-இல் வெளியிட்ட பெரிய அறிக்கை இந்த நெரிசலையும் மருத்துவக் குறைகளையும் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று, கொரோனா பரவிக்கொண்டிருந்தபோது, மகர சிறையில் வெடித்த கலவரத்தில் 11 கைதிகள் கொல்லப்பட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் வைத்தியரும் சிறையும் என்று பேசினால் இரண்டு பெயர்களைத் தாண்டிப் போக முடியாது. ஒருவர் காந்தியம் அமைப்பின் வைத்தியர் இராஜசுந்தரம். 1983 ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில், கைதியாக இருந்தபோது அடித்துக் கொல்லப்பட்டவர். அந்த வாரத்தில் அங்கே கொல்லப்பட்ட தமிழ்க் கைதிகள் 53 பேர். இன்னொருவர் ராஜினி திராணகம, மருத்துவபீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர். அவருடைய அக்கா நிர்மலா 1982-இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி அதே வெலிக்கடையில் இருந்தவர். ராஜினி வகுப்பும் எடுத்தார், யார் செய்த கொடுமையானாலும் எழுதியும் வைத்தார். 1989 செப்ரெம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கற்பித்த மருத்துவபீடம் இன்றும் ஆண்டுதோறும் வைத்தியர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. சிறையும் மருத்துவபீடமும் ஒரே நகரத்தில், ஒரு சைக்கிள் பயணத் தூரத்தில் இருக்கின்றன.

ஆகவே இரு கரையிலும் மருத்துவ, செவிலியர் கல்வியை நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். இறுதி ஆண்டில் இரண்டு கிழமை ஒதுக்குங்கள். மாணவர்களை அவர்களுடைய ஆசிரியரோடு சிறைக்குள் அனுப்புங்கள். உள்ளே வருகிறவரைப் பரிசோதிக்கவும், காசநோயும் சொறியும் மனச்சோர்வும் கண்டுபிடிக்கவும், காவலரைத் தள்ளி நிற்கச் சொல்லவும், காயத்தை அஞ்சாமல் எழுதவும், வெளியே போகிறவர் கையில் மருந்துச் சீட்டைக் கொடுக்கவும் அங்கேயே கற்றுக்கொடுங்கள். நாகப்பட்டினத்தில் 2022-இலிருந்து ஓர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1978-இலிருந்து மருத்துவபீடம் இருக்கிறது. நடுவே கப்பல் ஓடுகிறது. நாகை மீனவர் யாழ்ப்பாணச் சிறையில் காய்ச்சலோடு படுத்தால் அவரைப் பார்ப்பவர் யாழ்ப்பாணத்தில் படித்தவர். இலங்கை மீனவர் தமிழ்நாட்டுச் சிறையில் படுத்தால் பார்ப்பவர் எங்கள் மாணவர். இந்தப் பாடத்திட்டத்தை இரண்டு கல்லூரிகளும் சேர்ந்தே எழுதலாம். அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.